கானா கற்கத் தொடங்குபவருக்கு: மாத்திரை கைகொடுக்கும், ககரம் காலை வாரும்

ஜப்பானிய வாக்கியம் ஒன்றில் மூன்று வகை எழுத்துகள் கலந்து நிற்கும். சீனத்திலிருந்து வந்த கன்ஜி, சொல்லின் பொருளைச் சுமக்கும். ஹிரகனா, கதகனா இரண்டும் ஒலியை மட்டும் சுமப்பவை. இவ்விரண்டுக்கும் பொதுப்பெயர் கானா. தமிழில் நாம் கானா என்று நீட்டி எழுதினாலும் ஜப்பானியர் வாயில் அது 'கன' என்ற இரண்டு குறில்தான். நெடில், குறில் பிசகுவதே இந்த மொழியில் முதல் பிழை என்பதால், பெயரிலிருந்தே கவனமாக இருப்பது நல்லது.

ஹிரகனாவில் 46 அடிப்படை எழுத்துகள், கதகனாவிலும் அதே ஒலிகளுக்கு வேறு 46. ஒவ்வொன்றும் நம் உயிர்மெய் போல ஓர் அசையைக் குறிக்கும். ஆனால் க, கி, கு என்று நாம் எழுதும்போது எல்லாவற்றிலும் ககரம் கண்ணுக்குத் தெரிகிறதே, அந்த வசதி இங்கே இல்லை. க-வுக்கும் கி-க்கும் உருவத்தில் எந்த உறவும் கிடையாது. குறுக்குவழி தேடாமல் 46 உருவங்களையும் தனித்தனியாகவே கையில் ஏற்ற வேண்டும்.

வரிசையை மட்டும் படிக்கவே வேண்டாம். உயிர் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. அடுத்து வரும் வரிசைகள் க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் நெடுங்கணக்கில் ங, ஞ, ட, ண, ல ஆகியவற்றை எடுத்துவிட்டு வகரம் வரை சொல்லிப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. ஸ இருக்கும் இடத்தில் ச, ஹ இருக்கும் இடத்தில் ப. மற்றவை அப்படியே. சமஸ்கிருத ஒலியியலைச் சித்தம் என்ற பழைய இந்திய எழுத்து வழியே கற்ற பௌத்தத் துறவிகளிடமிருந்து ஜப்பானுக்குப் போன அடுக்குமுறை இது. ஹ வரிசை பழங்காலத்தில் ப என்றே ஒலித்தது, அதனால்தான் பகரத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இதை வைத்துத் தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று முடிவுகட்ட வேண்டாம். அந்த வாதத்தை ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ முன்வைத்தார், பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. மனப்பாடத்துக்கு உதவுகிறது என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டுரையின் ஒலிக்குறிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். சுலோகப் புத்தகங்களில் அச்சிடுவது போல க³, த³, ப³ என்று எண் போட்டால் 'கங்கை'யில் இரண்டாவதாக வரும் ககரம் போன்ற அதிரும் ஒலி. எண் இல்லாத க, த, ப சொல்லின் எந்த இடத்தில் வந்தாலும் 'கல்', 'தலை', 'பல்' என்பவற்றின் முதல் ஒலி. ச எங்கு வந்தாலும் 'பச்சை'யின் ச்ச. ஃஜ என்பது 'ஜ'வை விட மென்மையாக, ஸகரத்தை அதிர வைத்த ஒலி.

பயிற்சிக்கு முன் வாங்க வேண்டியவை

கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று, நன்றாகக் கறுக்கும் பென்சில் ஒன்று. நான்கு சிறு கட்டங்களைச் சேர்த்து ஓர் எழுத்துக்கான வீடாக்கிக்கொள்ளுங்கள். நடுவில் வரும் சிலுவைக்கோடு, எந்தக் கோடு எந்தக் கால்பகுதியில் தொடங்குகிறது என்று காட்டும். ஜப்பானியச் சிறுவர்களின் நோட்டும் இப்படித்தான் இருக்கும்.

கானா அட்டவணையைத் தேடும்போது 'கியோகஷோ' வகை, அதாவது பாடப்புத்தக அச்சு, உள்ளதாகப் பாருங்கள். வழக்கமான கணினி அச்சில் கி, ஸ இரண்டின் கீழ்வளைவும் மேற்கோட்டோடு ஒட்டியிருக்கும். கையால் எழுதும்போது அங்கே பென்சிலை எடுத்து இடைவெளி விடுவார்கள். அச்சைப் பார்த்து எழுதிப் பழகியவரின் எழுத்து கடைசிவரை அச்சடித்தது போலவே இருக்கும்.

ஒலியை ஆங்கில எழுத்தில் குறித்துக்கொள்வது பலரும் செய்வது. முதல் வாரத்தில் அது ஊன்றுகோல், இரண்டாம் வாரத்துக்கு மேல் விலங்கு. தமிழ் எழுத்தில் குறிப்பதோ இன்னும் மோசம். ஏன் என்று புள்ளிகள் பகுதியில் சொல்கிறோம்.

முதல் பத்து நாள்: ஹிரகனா

ஒரு நாளைக்கு ஒரு வரிசை, ஐந்து எழுத்து. ய வரிசையில் ய, யு, யொ மூன்றுதான். வ வரிசையில் வ-வும், ஒ என்று ஒலிக்கும் இன்னொரு எழுத்தும்தான். கடைசியில் தனியாக ன் நிற்கும். வி, வெ ஆகியவற்றுக்கு இருந்த எழுத்துகள் 1946-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தோடு வழக்கொழிந்தன. ஒவ்வோர் எழுத்தையும் பத்து முறை பார்த்து எழுதுவதை விட, இரண்டு முறை பார்த்தும் மூன்று முறை அட்டவணையை மூடிவைத்தும் எழுதுவது பலன் தரும். மறுநாள் புதிய வரிசையைத் தொடும் முன் பழையவை எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு எழுதிப் பாருங்கள்.

கோடுகள் மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்ற வரிசையில் விழும். ஒவ்வொரு கோடும் முடியும் விதத்தில் மூன்று உண்டு: அழுத்தி நிறுத்துவது (தொமெ), நுனியில் சுண்டுவது (ஹனெ), மெல்ல இழுத்துத் தேய விடுவது (ஹரஇ). ஹிரகனா என்பது கன்ஜியை வேகமாக ஓட்டி எழுதியதில் பிறந்தது, அதனால் கோட்டின் போக்கு எழுத்தின் பகுதியே. வரிசை மாறினால் வேகமாக எழுதும்போது உருவம் வேறெதுவோ ஆகிவிடும்.

கு, ஷி, ஸொ, த்ஸு, தெ, நொ, ஹி, ஹெ, ரு, ரொ, ன் ஆகிய 11 எழுத்துகளும் ஒரே இழுப்பில் முடிபவை. சோர்வான நாளில் இவற்றை எழுதலாம்.

குழப்பும் உருவங்கள் சில. நு-வும் மெ-யும் ஒன்றுபோல இருக்கும், நு-வின் கடைசியில் சுழி உண்டு, மெ-யில் இல்லை. ரு, ரொ இரண்டுக்கும் அதே வேறுபாடு. நெ, ரெ, வ மூன்றின் இடப்பக்கமும் ஒன்றே: சுழியோடு முடிந்தால் நெ, வெளியே சுண்டினால் ரெ, உள்ளே வளைந்து நின்றால் வ. ஸ-வில் குறுக்குக்கோடு ஒன்று, கி-யில் இரண்டு. ஸ-வைக் கண்ணாடியில் பார்த்தால் சி. தமிழ் எழுதிப் பழகிய கைக்குச் சுழி போடுவது இயல்பு என்பதால் மெ-யும் ரொ-வும் தாமாகவே நு, ரு ஆகிவிடுவதுண்டு. அந்த இரண்டு ஜோடியை மட்டும் ஒரு பக்கம் முழுக்க எழுதுங்கள்.

வரிசையில் ஒழுங்கு தவறும் ஒலிகள் நான்கு: ஸ வரிசையில் ஸி கிடையாது, ஷி. த வரிசையில் தி இல்லை, சி. து இல்லை, த்ஸு. ஹ வரிசையில் ஹு இல்லை, ஃபு. இந்த ஃபு-வுக்குப் பல் உதட்டைத் தொடக்கூடாது. சூடான காப்பியை ஊதி ஆற்றுவது போல இரு உதடுகளுக்கு நடுவே காற்று வர வேண்டும். ஷி சொல்லும்போது 'விஷம்' போல நாக்கை மேலே மடக்காதீர்கள். ரகரம் 'மரம்' என்பதன் ர, ஒரே தட்டு, அவ்வளவுதான். லகரம் தனியாக இல்லை.

உயிர்களில் நமக்கு இரண்டு வழுக்கல் உண்டு. பேச்சில் 'எல்லாம்' என்பதை 'யெல்லாம்' என்றும் 'ஒரு' என்பதை 'வொரு' என்றும் சொல்வோம். ஜப்பானியத்தில் ரயில் நிலையம் 'எகி', 'யெகி' அல்ல. அவர்கள் பணத்துக்கு நாம் யென் என்கிறோம், அவர்களோ 'என்' என்பார்கள். உகரம் உதட்டைக் குவிக்காதது. 'உலகம்' என்பதன் உகரத்தை விட்டுவிட்டு 'பத்து', 'நாடு' என்பவற்றின் கடைசியில் வரும் குற்றியலுகரத்தை எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட வந்துவிடும். வல்லொலிகளுக்கு நடுவிலோ, வல்லொலியை அடுத்துச் சொல்லின் கடைசியிலோ வரும் இகரமும் உகரமும் இன்னும் தேய்ந்து மூச்சாகவே போகும்: 'ஸுகி' (பிடித்தது) காதில் 'ஸ்கி' என்றும், 'தெ³ஸு' என்பது 'தெ³ஸ்' என்றும் விழும்.

புள்ளிகளும் ககரமும்

எழுத்தின் வலது மேல்மூலையில் இரண்டு சிறு கீற்று போட்டால் ஒலி அதிரும். க வரிசை க³ ஆகும், ஸ வரிசை ஃஜ, த வரிசை த³, ஹ வரிசை ப³. இதற்குப் பெயர் த³குதென், இங்கே சுருக்கமாகப் புள்ளி என்போம். ஹ வரிசையில் மட்டும் கீற்றுக்குப் பதில் சிறு வட்டம் போட்டால் ப. ஹ-வுக்குப் புள்ளி வைத்தால் ப³ எப்படி வருகிறது என்று திகைக்க வேண்டாம், அது ஒருகாலத்தில் ப-வாக இருந்ததன் மிச்சம். இவற்றால் கிடைக்கும் கூடுதல் ஒலிக்குறிகள் 25. எழுத்துகள் புதியவை அல்ல என்பதால் ஒரு நாளில் படித்துவிடலாம்.

படிப்பது எளிது, வாயில் வருவதுதான் பாடு. தமிழில் ககரம் சொல்லுக்கு முதலில் ஒரு மாதிரி, நடுவில் வேறு மாதிரி, ஒற்றோடு இன்னொரு மாதிரி ஒலிக்கும். எது எங்கே என்பதை இடம் தீர்மானிக்கும், எழுத்து மாறாது. ஜப்பானியத்தில் ஒலி மாறினால் பொருளே மாறும். 'ககி' ஒரு பழம், 'ககி³' சாவி. 'கின்' தங்கம், 'கி³ன்' வெள்ளி. 'ஃபுத' மூடி, 'பு³த' பன்றி. 'த³இக³கு' பல்கலைக்கழகம், 'தஇக³கு' என்றாலோ படிப்பைப் பாதியில் விட்டு வெளியேறுவது.

ஸக (சரிவான பாதை) என்ற சொல்லைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்தால், மறுவாரம் படிக்கும்போது நடுவில் உள்ள க தானாகவே தளர்ந்துவிடும். தளராமல் இருக்க ஒற்று சேர்த்தால் 'ஸக்க' ஆகிவிடும், அது எழுத்தாளரைக் குறிக்கும் வேறு சொல். இதனால்தான் தமிழ்க் குறிப்பு கூடாது என்றோம்.

மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினத்தில் இந்தச் சறுக்கல் இன்னும் ஆழமானது. ங்க, ந்த, ம்ப என்று வந்தால் தமிழ் நாக்கு தானே அதிர வைத்துவிடும். வானிலை என்பதற்கான 'தென்கி' நம் வாயில் 'தெங்கி³' ஆகும். எளிது என்பதற்கான 'கன்தன்' என்பது 'கந்த³ன்' ஆகி முருகன் வந்து நிற்பார். ன் சொல்லி, ஒரு தட்டு பொறுத்து, அடுத்த எழுத்தைச் சொல்லின் முதலெழுத்து போலத் தொடங்குங்கள். தினம் ஐந்து நிமிடம் இதற்கென்றே ஒதுக்கலாம். புதியவர்கள் நெடிலுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இங்கே திருப்பினால் நல்லது என்பது எங்கள் எண்ணம்.

ஜி, ஃஜு இரண்டு ஒலிகளுக்கும் இரண்டிரண்டு எழுத்து இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்: ஸ வரிசையில் ஒன்று, த வரிசையில் ஒன்று. பொதுவாக ஸ வரிசையில் உள்ளதையே எழுத வேண்டும். 'த்ஸுஃஜுகு' (தொடர்வது) போல ஒரே எழுத்து இரட்டிக்கும்போதும், ஹன (மூக்கு), சி (இரத்தம்) சேர்ந்து 'ஹனஜி' ஆவது போன்ற கூட்டுச்சொற்களிலும் மட்டும் த வரிசை எழுத்து வரும்.

மாத்திரைக் கணக்கு

தமிழ் படித்தவருக்குக் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜப்பானியத்திலும் அதே கணக்கு. வேறுபாடு ஒன்றே: நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரை, அவர்களுக்கு முழு மாத்திரை. 'நிப்பொன்' என்ற சொல்லை நம் கணக்கில் எண்ணினால் மூன்று, அவர்கள் கணக்கில் நி-ப்-பொ-ன் என்று நான்கு. ஹைக்கூவின் 5, 7, 5 என்பதும் இந்த மாத்திரை எண்ணிக்கைதான். கற்கும்போது மேசையில் விரலால் தட்டிக்கொண்டே படியுங்கள், ஒற்றுக்கும் ஒரு தட்டு.

ஒற்று இரட்டிப்பதைக் காட்ட த்ஸு எழுத்தைச் சிறியதாக எழுதி இடையில் வைப்பார்கள். 'கிதெ' என்றால் வா, 'கித்தெ' என்றால் தபால்தலை. அந்தச் சிறு த்ஸு-வை த்ஸு என்று வாசிப்பது முதல் வாரப் பிழை. பெரிதாக எழுதிவிடுவது இரண்டாம் வாரப் பிழை. பெட்டியின் கால்பகுதிக்குள் அடங்க வேண்டும்.

நெடிலை ஹிரகனாவில் அடுத்த உயிரெழுத்தைச் சேர்த்துக் காட்டுவார்கள். ஒபா³ஸன் (பாட்டி) என்பதில் ப³-வை அடுத்து அ வரும். அந்த அ விடுபட்டால் 'ஒப³ஸன்', அத்தையோ நடுத்தர வயதுப் பெண்ணோ ஆகிவிடுவார். 'பி³ரு' கட்டடம், 'பீ³ரு' குடிக்கும் பீர். ஓ என்று நீட்ட ஒ-வைச் சேர்க்காமல் உ-வைச் சேர்ப்பார்கள்: தோக்யோ நகரின் பெயர் தொ-உ-க்யொ-உ என்று எழுதப்படும். அதுபோல 'ஸென்ஸே' (ஆசிரியர்) எழுத்தில் ஸெ-ன்-ஸெ-இ. பெரிய என்ற 'ஓகீ', தொலைவான என்ற 'தோஇ', பனிக்கட்டி என்ற 'கோரி' போன்ற சில சொற்களில் மட்டும் உ வராமல் ஒ வரும். பழைய எழுத்துமுறையில் அந்த இடத்தில் ஹொ இருந்தது, அதன் தடம் இது. பட்டியல் சிறியது, மனப்பாடம் செய்துவிடுங்கள்.

தனி ன் அடுத்து வரும் எழுத்துக்கேற்ப ங், ந், ம் என்று மாறும். 'ஷின்பு³ன்' (செய்தித்தாள்) காதில் 'ஷிம்பு³ன்'. இது நமக்குத் தானாக வரும். சொல்லின் முடிவில் நுனிநாக்கு மேலே ஒட்டாது, ஒலி தொண்டைப் பக்கம் நின்றுவிடும். ன்-ஐ அடுத்து உயிர் வந்தால் உடம்படுத்திச் சேர்த்துப் படிக்கக்கூடாது. 'கி-னெ-ன்' என்றால் நினைவுகூர்தல், 'கி-ன்-எ-ன்' என்றால் புகைபிடிக்கத் தடை. நன்னூல் சொல்லும் 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது' இங்கே செல்லாது.

இகர எழுத்தை அடுத்துச் சிறிய ய, யு, யொ வந்தால் இரண்டும் ஒட்டி ஒரே மாத்திரை: க்ய, க்யு, க்யொ. இப்படி 33 சேர்க்கைகள் உண்டு. மருத்துவமனை 'ப்³யொ-உ-இ-ன்', நான்கு தட்டு. யொ-வைப் பெரிதாக எழுதினால் 'பி³-யொ-உ-இ-ன்', ஐந்து தட்டு, அழகு நிலையம்.

எழுத்து ஒன்று, ஒலி வேறு என்று மூன்று இடைச்சொற்கள் மிஞ்சும். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை எடுத்துக்காட்டும் 'வ' ஹ என்று எழுதப்படும். திசையைக் காட்டும் 'எ' ஹெ என்று எழுதப்படும். செயப்படுபொருளுக்கான 'ஒ'வுக்கு வ வரிசையின் அந்தத் தனி எழுத்து. 'கொன்னிசிவ' என்ற வணக்கத்தின் கடைசி எழுத்தும் ஹ-தான்.

கதகனா

கன்ஜியின் ஒரு துண்டை மட்டும் எடுத்து எழுதியதில் பிறந்தது இது, அதனால் நேர்கோடும் கூர்முனையுமாக இருக்கும். வெளிநாட்டுச் சொற்கள், வெளிநாட்டுப் பெயர்கள், ஒலிக்குறிப்புச் சொற்கள், விலங்கு, தாவரப் பெயர்கள் இதில் வரும். நெடிலுக்கு ஒரே ஒரு கோடு, மேலிருந்து கீழாக எழுதும் பத்தியில் அந்தக் கோடும் நிமிர்ந்துகொள்ளும்.

ஷி, த்ஸு, ன், ஸொ நான்கும் கதகனாவின் பொறி. ஷி-யின் இரண்டு சிறு கீற்றுகள் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், நீண்ட கோடு கீழிருந்து மேலே ஏறும். த்ஸு-வின் கீற்றுகள் மேலே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், நீண்ட கோடு மேலிருந்து கீழே இறங்கும். ஷி-யில் ஒரு கீற்றைக் குறைத்தால் ன். த்ஸு-வில் ஒன்றைக் குறைத்தால் ஸொ. கண்ணால் பிரிக்க முயன்று தோற்பவர்கள், கோட்டின் திசையைக் கையில் ஏற்றிக்கொண்டால் பிரிப்பார்கள்.

தமிழ்ப் பெயர்களைக் கதகனாவில் எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. ல, ள, ழ, ர, ற எல்லாம் ர வரிசைக்குள் போய்விடும்: தமிழ் 'தமிரு' ஆகும், கமலா 'கமரா' ஆவார். து என்ற ஒலிக்குத் த்ஸு எழுதினால் முத்து 'முத்ஸு' ஆகிவிடும். தொ-வை அடுத்துச் சிறிய உ போட்டு எழுதுவதே முறை. வெளிநாட்டுச் சொற்களுக்கான 1991-ஆம் ஆண்டு அரசு விதிமுறையில் இத்தகைய சேர்க்கைகள் இடம்பெற்றன. மதுரையில் புள்ளி வைத்த தொ-வும் சிறிய உ-வும் வரும். சென்னையின் முதல் ஒலிக்குச் சி-யோடு சிறிய எ.

படித்தது மறக்காமல் இருக்க

கைப்பேசியில் ஜப்பானிய 12 விசைப் பலகையை நிறுவுங்கள், ஆங்கில எழுத்தில் தட்டும் பலகையை வேண்டாம். ஒரு விசைக்கு ஒரு வரிசை. க விசையைத் தட்டினால் க, இடப்பக்கம் இழுத்தால் கி, மேலே கு, வலப்பக்கம் கெ, கீழே கொ. புள்ளிகளுக்கும் சிறிய எழுத்துகளுக்கும் இடது கீழ்மூலையில் ஒரே விசை: த்ஸு தட்டிவிட்டு அதை அழுத்தினால் சிறிய த்ஸு. நெடுங்கணக்கு வரிசை மனதில் இருப்பவருக்கு இரண்டு நாளில் விரல் பழகும்.

வாசிக்க, கன்ஜியின் மேல் சிறிய ஹிரகனா அச்சிட்ட சிறுவர் புத்தகங்களை எடுங்கள். அந்தச் சிறு எழுத்துக்கு ஃபுரிக³ன என்று பெயர். கானா காட்டாத ஒன்று சுரம். 'அமெ' என்பதை உயர்ந்து தொடங்கித் தாழ்த்தினால் தோக்யோ வழக்கில் மழை, தாழ்ந்து தொடங்கி உயர்த்தினால் மிட்டாய். இரண்டுக்கும் எழுத்து ஒன்றே, அதைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

ஸொப³ நூடுல்ஸ் கடையின் பெயர்ப்பலகையில் அட்டவணையில் இல்லாத ஹிரகனா தென்பட்டால் மறந்துவிட்டோமோ என்று பதறாதீர்கள். 1900-ஆம் ஆண்டில் ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்று பள்ளிகளுக்கு வரையறுக்கும் முன் ஒவ்வோர் ஒலிக்கும் பல வடிவங்கள் இருந்தன. பழமை காட்ட அந்தக் கடைகள் இன்னும் அவற்றை மாட்டி வைத்திருக்கின்றன. பல ஜப்பானியரும் அவற்றை எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை, கடையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.